உடம்பில்லாத கண்விழிப்பு

பிப்ரவரி 3

அகராதி அலுவலகத்தில் இன்று என் பங்குக்கு வந்த ஆங்கிலச் சொல் 'வேக்'. முதன்மைப் பதிப்பாசிரியர் ஹம்ஃப்ரி தயங்கினார். "வேற யாருக்காவது கொடுக்கட்டுமா?" வேண்டாம் என்றேன். அதற்கு மூன்று பொருள். தூக்கம் கலைதல். இறந்தவரின் அருகே ஊர் கூடிக் கண்விழித்திருத்தல். படகு போன பின் நீரில் கிடக்கும் தடம்.

கடலுக்குப் போன தம்பி யூனனின் படகு கிடைத்துவிட்டது. அவன் கிடைக்கவில்லை.

பிப்ரவரி 6

படகுத் தடம் என்ற பொருளுக்குப் பிறப்பு வேறு. வட கடலோடிகளின் மொழியில் அது உறைந்த நீரில் விழுந்த ஓட்டை. வேர் வேறானால் தனிப்பதிவு, அதுதான் எங்கள் விதி. பிரித்தேன். பிரித்தாலும் அடுத்தடுத்துத்தான் அச்சாகும்.

பிப்ரவரி 7

அயர்லாந்தில் எங்கள் ஊரான டொனகாலிலிருந்து ரோஸ்லீன் போன் செய்தாள், அம்மாவின் பக்கத்து வீட்டுக்காரி. அம்மா படுப்பதே இல்லையாம். யூனன் வருவான் என்று பின்கதவைத் தாழிடாமல் சமையலறையில் உட்கார்ந்திருக்கிறாளாம். துக்கம் கேட்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டாளாம். "எங்களுக்கும் புரியல. உடம்பு இல்லாம எப்படி வந்து உட்கார்றது?"

இப்படியே விட்டால் அம்மாவும் போய்விடுவாள்.

பிப்ரவரி 9

ஊரில், அம்மா வீட்டில். பூட்ஸ் சத்தம் கேட்டதா என்றாள் அம்மா. காற்று என்றேன்.

காற்றா? எனக்கும்தானே கேட்டது? ஈர பூட்ஸ், வாசல் வரை. அப்புறம் ஒன்றுமில்லை. ச்சே, என்ன இது.

பிப்ரவரி 10

'வேக்'கின் மிகப் பழைய மேற்கோள்களில் பிணமே கிடையாது. விழித்துக் காவல் இருப்பது, அவ்வளவுதான். பிணம் பிற்பாடு வந்து சேர்ந்தது. இதை வைத்துக்கொண்டு என்ன செய்ய —

ரோஸ்லீனிடம் போனேன். "அவனுக்காக வர வேணாம். அம்மா முழிச்சிருக்கா. அவகூட முழிச்சிருக்க வாங்க."

அலமாரியைத் திறந்து பார்த்தாள். பிறகு, "இறைச்சி நான் கொண்டு வரேன். ரொட்டிய நீ தொடாத, கோணலா வெட்டுவ."

பிப்ரவரி 12

நேற்று இரவு வந்தார்கள். அம்மா தடுக்கவில்லை, யாரும் அனுதாபம் சொல்லாததால் இருக்கலாம். டீ, ஜெபமாலை, பிறகு கதைகள். யூனனோடு கடலுக்குப் போகும் பேக்கி, தம்பி ஒரே நாயை இரண்டு பேருக்கு விற்ற கதையைச் சொன்னான்.

"மூணு பேரு," என்றாள் அம்மா. "மூணாவது ஆளு பாதிரியாரு."

சிரித்தார்கள். அவளும்.

வெளிச்சம் வந்தபோது எழுந்துபோய், சுவர்க் கடிகாரத்தின் ஊசலைக் கையால் பிடித்து நிறுத்தினாள். எங்கள் ஊரில் சாவு வீட்டில் செய்வது. ரோஸ்லீன் டீ ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

எல்லோரும் போய்விட்டார்கள். அம்மா கட்டிலில் தூங்குகிறாள். நான் அவள் நாற்காலியில். யாராவது விழித்திருக்க வேண்டும்.