சம்பந்தி அடித்த டபுள் கிரீம்

14 ஒக்டோபர் 2006, சனி. டூட்டிங், லண்டன்.

1. அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் சம்பந்தி அடித்த கிரீம் வெண்ணெயாகத் திரண்டது.
2. என் மனைவி சிரித்தாள்.
3. இங்கத்தைய கிரீமைப் பற்றி அவரிடம் சொல்ல மறந்துவிட்டேன்.

பேத்தியின் கேக்குக்கு அவர் ஹெவி கிரீம் கேட்டார். அந்தப் பெயரில் இங்கே எதுவும் இல்லாததால் டபுள் கிரீம் வாங்கிக் கொடுத்தேன். இதில் கொழுப்பு அதிகம், சீக்கிரம் திரண்டுவிடும். அவரோ தன் ஊர்க் கணக்கில் ஐந்து நிமிடம் அடித்தார்.

"ஐயோ அண்ணை, நெய் உருக்கப் போறியளோ?" என்று என் மனைவி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அதையே பாண் துண்டில் பூசித் தின்றாள். "நல்ல ருசி," என்றவள் என்னைக் காட்டினாள். "எங்கட ஆளுக்கு முட்டை அவிக்கவும் ஏலாது!"

என்னோடு அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு காலம்?

மூன்றாவது குறிப்பு பிழை. நான் மறக்கவில்லை. அவர் வெட்கப்படுவதை அவள் பார்க்கட்டும் என்று பக்கத்திலேயே பேசாமல் நின்றேன்.