துடைத்துக்கொண்டே இறங்கினேன்

மார்ச் 4

என் கொட்டாவிக்கு,

வேலைக்கு நடுவில் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் மட்டும் பெரிய பண்டிதரா? வாட்ச்மேன் நாற்காலியில் கொட்டாவி விட்டே காலத்தை ஓட்டிய ஆள்தானே.

நம் மகள் படுக்கையை விட்டு எழவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிரசவத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. மாப்பிள்ளை ஷிப்டுக்குப் போய்விட்டால் ஒன்பதாவது மாடியில் தனியாகக் கிடக்கிறாள். நான் கீழே நின்று அண்ணாந்து பார்த்தபடி போனில் பேசுகிறேன். ஊரார் படிகளைத் துடைத்துத் தேய்ந்த முட்டி அத்தனை மாடி ஏறாது. அந்தக் கட்டடத்து லிப்டில்தான் நீங்கள் என் தோளில் சாய்ந்தபடியே கடைசி மூச்சை விட்டீர்கள். அதற்குப் பிறகு நான் அதில் கால் வைக்கவில்லை. கதவு திறக்கும்போதே பின்வாங்கிவிடுகிறேன்.

இன்றைக்கு ஒரு சேதி. நான் படி துடைக்கிற கட்டடத்தில் 'மனோவசிய சிகிச்சை' என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். உள்ளே இருந்த டாக்டரம்மாவிடம், "யாரை வசியம் பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"நான் யாரையும் பண்றதில்லம்மா. உங்க மனசை நீங்களே வழிக்குக் கொண்டுவரணும். நான் கூட இருப்பேன், அவ்வளவுதான்."

நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறார்.

நான் மாப்போடு நின்று "ஈரத்தரை, பாத்து" என்று கத்துவதைக் கேட்டு நீங்கள் வைத்த பெயரிலேயே கையெழுத்துப் போடுகிறேன்.

உங்கள் ஈரத்தரை


மார்ச் 6

என் கொட்டாவிக்கு,

கேட்டால் சிரிப்பீர்கள். டாக்டரம்மா என்னைச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து, "கண்ணை மூடுங்க. எதிரே படி இருக்கு. ஒவ்வொண்ணா இறங்குங்க," என்றார். நான் கண்ணைத் திறந்துவிட்டேன்.

"என்னம்மா ஆச்சு?"

"மேல்படியில கறை இருக்கு. துடைக்காம எப்படி இறங்குறது?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "சரி, துடைச்சிக்கிட்டே இறங்குங்க. அவசரமே இல்ல."

மேலிருந்து துடைத்தபடி பின்பக்கமாகவே இறங்கினேன். கடைசிப் படிக்கு வரும்போது கை கால் எல்லாம் ஊறப்போட்ட துணி மாதிரி கிடந்தது. தூங்கவில்லை. தெருவில் அடித்த ஹாரன் கூடக் காதில் விழுந்தது, ஆனால் அது என்னை ஒன்றும் செய்யவில்லை. அந்த நிம்மதியிலேயே மாப்புக் கம்பைப் பிடிக்கிற மாதிரி கையை இறுக்கிக்கொள்ளச் சொன்னார். பயம் வரும்போது அப்படிப் பிடித்தால் இந்த நிம்மதி நினைவுக்கு வருமாம். தினமும் வீட்டிலும் பழக வேண்டும். எனக்கு ஒரே குதூகலம். பஸ்ஸில் வரும்போதும் வெறும் கையை இறுக்கிக்கொண்டே வந்தேன்.

உங்கள் ஈரத்தரை


மார்ச் 19

என் கொட்டாவிக்கு,

ஏறிவிட்டேன். ஒரே ஒரு மாடிதான். அங்கேயே இறங்கிப் படி வழியாகக் கீழே வந்துவிட்டேன். ஆனாலும் ஏறினேன். மகள் வீட்டுக் கட்டட வாட்ச்மேன் மீசை, கதவைப் பிடித்துப் பிடித்துக் கை ஓய்ந்து, "அக்கா, ஏறப் போறீங்களா, இல்ல லிப்டைப் பொண்ணு பாக்க வந்தீங்களா?" என்றான்.

இன்னொன்று. நேற்று டாக்டரம்மாவிடம் கண்ணை மூடியிருந்தபோது நீங்கள் வந்தீர்கள். அதே லிப்ட், அதே தோள். ஒரு கொட்டாவி விட்டு, "எனக்குத் தூக்கம் வருது. நீ பாத்துக்க," என்றீர்கள்.

நான் துள்ளிக்கொண்டு, "அன்னைக்கு அவர் சொன்னது இதுதான். நான்தான் மறந்துட்டேன்," என்றேன். டாக்டரம்மா அவசரப்படவில்லை.

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். கண்ணை மூடினா மனசு பழசையும் காட்டும், புதுசா செஞ்சும் காட்டும். இதைச் சாட்சியா எடுத்துக்காதீங்கம்மா. உதவுச்சுன்னா வச்சுக்குங்க."

வைத்துக்கொண்டேன்.

உங்கள் ஈரத்தரை


மார்ச் 27

என் கொட்டாவிக்கு,

கை பரபரக்கிறது, எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும்.

நேற்று மத்தியானம் நான் கீழே நின்று அவளோடு பேசிக்கொண்டிருந்தபோதே, "அம்மா, வலி வந்துடுச்சு. அவரு டூட்டில இருக்காரு. மேல வாம்மா," என்று அழுதாள். மீசை ஆம்புலன்சைக் கூப்பிட்டான். நான் லிப்டுக்குள் போய்விட்டேன். கதவு மூடியது. இல்லாத கம்பை இறுக்கிப் பிடித்தேன். பயம் போகவில்லை. அதுவும் கூடவே ஏறி வந்தது. வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டேன். ஒன்பதாவது மாடியில் கதவு திறந்தது.

கீழே வரும்போதுதான் சோதனை. ஆம்புலன்ஸ்காரர்கள் தள்ளுநாற்காலி கொண்டுவந்தார்கள். உட்கார்ந்தபடியே அவள் என் மேல் சாய்ந்தாள். அதே தோளில். அதே கனம்.

"அம்மா, பயமாருக்கு."

"பயமாத்தாண்டி இருக்கும். மேல்படியிலேருந்து ஆரம்பி. துடைச்சிக்கிட்டே இறங்கலாம்."

"எந்தப் படிம்மா? உனக்கென்ன கிறுக்கா?" என்று அந்த வலியிலும் சிரித்துவிட்டாள். கதவு திறந்தபோது அவளுக்கு மூச்சு இருந்தது. எனக்கும் இருந்தது.

பேத்தி பிறந்திருக்கிறாள். நான் கையில் வாங்கியதும் அவள் அழவில்லை. வாயை அகலத் திறந்து ஒரு கொட்டாவி விட்டாள். வார்டே சிரித்தது. நான்தான் அழுதேன்.

இனி தினமும் ஏறிப் போவேன். இந்த ஒன்றுக்கு மட்டும் விடை வேண்டும்: "நீ பாத்துக்க" என்று அன்றைக்கு என் தோளில் சாய்ந்து நீங்கள்தான் சொன்னீர்களா, இல்லை நானாக உங்களைச் சொல்ல வைத்துக்கொண்டேனா?