நான் வாங்காத வாபஸ்

அன்பு மகன் அருள்பிரகாஷுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் ஷைலாவும் குழந்தையும் மெல்போர்னில் அதே சுகத்தோடு இருக்கவேண்டும் என்று காலையும் மாலையும் ஜெபிக்கிறேன். சுகம் என்று நான் எழுதுவது உடம்பைத்தான், மனசைப் பற்றிக் கேட்காதே. போனில் பேசலாமே என்று நினைப்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொல்லி முடிப்பதற்குள் அம்மா அம்மா என்று குறுக்கே விழுகிறாய். தாளில் உன்னால் குறுக்கே விழ முடியாது, அதனால் உட்கார்ந்து முழுசாகப் படி. ஷைலாவுக்குப் பிடித்த சாத்தூர் காரச்சேவு பார்சலோடு இதையும் வைத்து அனுப்புகிறேன், சேவைத் தின்றுவிட்டுக் கடிதத்தைக் குப்பையில் போட்டுவிடாதே.

வீட்டுச் செய்தி பெரிதாக ஒன்றும் இல்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான், ஆனாலும் விருதுநகரில் அந்த மிளகாய் மண்டிக்குக் கணக்கெழுதப் போவதை நிறுத்த மாட்டேன் என்கிறார். தும்மிக்கொண்டே போய் தும்மிக்கொண்டே வருகிறார். பின்பக்கத்து முருங்கை காற்றில் ஒடிந்துவிட்டது. தண்ணீர் நாலு நாளைக்கு ஒருமுறை வருகிறது, வந்தால் அரைமணி நேரம். இதெல்லாம் எப்போதும் உள்ளது. நான் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. நம்ம ஊர் வாட்ஸப் குரூப்பில் போன செவ்வாய்க்கிழமை நீ ஒரு செய்தி போட்டாயே, என் தாயார் ஞானதீபம் டீச்சர் தன் வேட்புமனுவை வாபஸ் வாங்கிக்கொள்வார், ஊர் முடிவே எங்கள் குடும்பத்தின் முடிவு, சிரமத்துக்கு மன்னிக்கவும் என்று, அதற்காகத்தான். அதற்குக் கீழே எத்தனை கும்பிடு, எத்தனை கைதட்டல். ஏலே அருளு, என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா?

நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும், தெரியாதவன் இல்லை. பஞ்சாயத்துத் தேர்தல் தேதி வந்ததும் ஊர்க்கூட்டம் போடுவார்கள், பெரிய மனிதர்கள் நாலு பேர் உட்கார்ந்து இந்த வார்டு இன்னாருக்கு என்று பேசி முடிப்பார்கள், வேறு யாரும் மனுப் போடக் கூடாது, அப்படிப் போட்டியில்லாமல் ஜெயிக்கிறவர் ஊருக்கு ஏதாவது செய்து கொடுக்க வேண்டும். இதற்குப் பெயர் ஊர் ஒற்றுமை. ஆசிரியையாக இருந்தவரைக்கும் தேர்தல் வேலைக்கு ஊர் ஊராகப் போய் அடுத்தவர்கள் விரலில் எல்லாம் மை வைத்தவள் நான். நான் வாக்கப்பட்டு வந்த இந்த ஊரில், என் சொந்த வார்டு உறுப்பினருக்கு இன்றைக்கு வரைக்கும் ஒரு ஓட்டுப் போட்டதில்லை. இந்தத் தடவை எங்கள் வார்டை வெள்ளைத்துரைக்குக் கொடுத்தார்கள். பெண்கள் வார்டு என்பதால் பேர் மட்டும் அவர் சம்சாரம் சொர்ணலட்சுமிக்கு. வெள்ளைத்துரை யார் என்று உனக்குச் சொல்ல வேண்டாம், ஏழாயிரம்பண்ணை பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிகளுக்கு நம் ஊர்ப் பெண்களை வேனில் ஏற்றிப் போகிற ஏஜென்ட். பதிலுக்கு அவர் சமுதாயக்கூடத்துக்கு டைல்ஸ் போட்டுக் கொடுக்கிறாராம். வழுக்கி விழுவதற்கு.

எனக்கு டைல்ஸ் வேண்டாம், பாலம் வேண்டும். ஓடைத் தரைப்பாலம் இடிந்து கிடப்பது நீ ஊருக்கு வந்தபோதே பார்த்ததுதான். இந்தக் கரையில் நம் ஊர், காட்டுக்குள் ஒரு பட்டாசுக் கம்பெனி, அந்தக் கரையில் மெயின் ரோடு. இரண்டு தீபாவளிக்கு முன்னால் ஐப்பசி மழையில் ஓடை ஓடிக்கொண்டிருந்த நாளில்தான் அந்தக் கம்பெனியில் வெடித்தது. ஆம்புலன்ஸ் அக்கரையில் சங்கு ஊதிக்கொண்டு நின்றது. நம் பக்கத்து வீட்டுப் பொன்னுத்தங்கத்தை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் இடுப்பளவு தண்ணீரில் தூக்கிப் போனார்கள். தண்ணீர் பட்டுவிடக் கூடாது என்று அவள் இரண்டு கையையும் வானத்தைப் பார்க்கத் தூக்கியபடி போனாள், நான் கரையில் நின்று பார்த்தேன். பிழைத்துக்கொண்டாள். வலது கை விரல்கள் இன்னும் மடங்காது, இப்போது வேறு கம்பெனியில் பெட்டிக்கு லேபிள் ஒட்டப் போகிறாள். அந்தப் பாலத்துக்காக நான் கிராம சபையில் கேட்டேன், சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்குப் போய் மனு நாளில் வரிசையில் நின்று கேட்டேன். அங்கே மரியாதையாகத்தான் பேசினார்கள், பஞ்சாயத்தில் உறுப்பினர் கொண்டுவந்து தீர்மானம் போட்டு அனுப்புங்கம்மா, அது இல்லாமல் எங்களால் எடுக்க முடியாது என்றார்கள். தீர்மானம் கொண்டுவர உறுப்பினர் வேண்டும், உறுப்பினரை நான் கேள்வி கேட்க வேண்டும் என்றால் அவர் என்னிடம் ஓட்டுக் கேட்டு வந்திருக்க வேண்டும். ஓட்டே கேட்காமல் போனவரிடம் நான் எந்த முகத்தோடு போய்க் கேட்பது? அதனால் மனுப் போட்டேன். முன்மொழிந்து கையெழுத்துப் போட்டது உன் அப்பா. ஊரில் யாரோ போய் அவரிடம் ஏன் போட்டீக என்று கேட்டதற்கு, அவ போடச் சொன்னா போட்டேன், சோறு அவதானே போடுதா என்றாராம். என் பக்கம் இருந்த ஒரே ஆளின் வீரம் இது.

அதன் பிறகு நடந்ததை நீ அங்கேயிருந்து என்ன கண்டாய்? முதலில் போதகர் ஜெபசுந்தர் வந்தார். நம்ம சபையார் கொஞ்சம் பேர்தான் இருக்கோம் டீச்சர், ஊரோட அனுசரிச்சுப் போனா அடுத்த தடவை நமக்கு விட்டுத்தாரதாச் சொல்லியிருக்காக என்றார். நான் சபைக்காக நிற்கவில்லை ஐயா, எனக்காக நிற்கிறேன் என்றேன். எனக்காக என்ற வார்த்தையை ஒரு விசுவாசி சொல்லலாமா என்பதுபோல் பார்த்துவிட்டு ஒரு வாய் காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார். பால்காரர் இரண்டு நாள் வரவில்லை. இதெல்லாம் எனக்கு உறைக்கவில்லை. உறைத்தது பொன்னுத்தங்கம் வந்து நின்றதுதான். டீச்சர், நம்ம தெருவுல எம்புட்டு ஓட்டு இருக்குன்னு அவுகளுக்குத் தெரியும், ஒங்களுக்கு நாலு ஓட்டு விழுந்தாலும் அது யாருன்னு தேடுவாக, வேன் எங்க வாசல்ல நிக்காது, எனக்கு இருக்குறது இந்த ஒத்தக் கைதான் என்று சொல்லி அழுதாள். யாரை நினைத்து மனுப் போட்டேனோ அவளே வந்து வேண்டாம் என்கிறாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. எல்லார் மேலும் கோபம், அவள் மேல் மட்டும் கோபப்பட முடியவில்லை. வாபஸ் வாங்கிவிடலாம் என்றுதான் மனசுக்குள் முடிவு செய்தேன், அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை.

வாபஸ் வாங்கக் கடைசி நாள் அன்று காலையில் யூனியன் ஆபீசுக்கு பஸ் ஏறினேன். ஊர் முழுக்க உன் செய்தியைப் படித்திருந்தது, நான் படிக்கவில்லை, எனக்கு அந்தக் குரூப்பைத் திறந்தாலே எரிச்சல். நான் பஸ் ஏறியதைப் பார்த்ததும் டீச்சர் வாபஸ் வாங்கப் போயாச்சு என்று வெள்ளைத்துரைக்குச் சொல்லியிருக்கிறார்கள். சிவகாசி பிரஸ்ஸில் முந்தின நாளே பிளெக்ஸ் அடித்து வைத்தாயிற்று, போட்டியின்றித் தேர்வு பெற்ற மக்கள் நாயகி என்று சொர்ணலட்சுமி படம், அவள் படத்தைவிட வெள்ளைத்துரை படம் பெரிது. நம் ஊரில் பட்டாசுக்கா பஞ்சம்? நேரம் முடிவதற்கு முன்னாலேயே பஸ் ஸ்டாப்பில் பத்தாயிரம் வாலாவை உருட்டிக் கொளுத்திவிட்டார்கள். இங்கே யூனியன் ஆபீசில் நான் பெஞ்சில் உட்கார்ந்து, போகலாமா வேண்டாமா என்று வியர்த்துக்கொண்டிருக்கிறேன். அப்போது அங்கே வேலை பார்க்கிற நம் ஊர்க் கிளார்க் ஒருவர் சிரித்த முகத்தோடு வந்து, வாபஸ்தானே டீச்சர், ஒங்க மகன்தான் ஆஸ்திரேலியாவுல இருந்து எழுதிட்டாரே, இந்தா பாருங்க என்று போனை என் கண்ணுக்கு நேரே நீட்டினார். படித்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தேன். மனுக் கொடுத்தது நான்தானே, என் மகன் இல்லையே என்றேன். வாபஸ் நேரம் முடிந்து மூன்று மணி அடிக்கிற வரைக்கும் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. உன் செய்தி மட்டும் இல்லாதிருந்தால் வாபஸ் வாங்கியிருப்பேன் அருள், அதைத் தெரிந்துகொள். பொன்னுத்தங்கத்துக்காக நானே வாங்கியிருந்தால் அது என் வாபஸ். நீ எழுதி நான் வாங்கினால் நான் யார்?

அதன் பிறகு சின்னம் ஒதுக்கினார்கள். எனக்குச் சீப்பு. தலையில் மிச்சமிருக்கிற முடிக்கு அது போதும் என்று அப்பா சொல்கிறார். நான் ஊர் திரும்பியபோது பஸ் ஸ்டாப் முழுக்கச் சிவப்புக் காகிதம், பிளெக்ஸை ஏணி வைத்து இறக்கிக்கொண்டிருந்தார்கள், ஒருத்தரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஊருக்கு என் மேல் உள்ள கோபத்தைவிட அந்த வாலா வீணாய்ப்போன கோபம்தான் பெரிதாக இருந்தது.

இப்போது உன்னிடம் கேட்கிறேன். போன மாதம் அந்த நாட்டுப் பிரஜை ஆகிற தேர்வுக்குப் படிக்கிறேன் என்று போனில் அத்தனை பெருமையாகச் சொன்னாயே. அங்கே ஓட்டுப் போடாவிட்டால் அபராதமாம், யாருக்குப் போட்டாய் என்று யாரும் கேட்கக் கூடாதாம், ஒரு தடவை அல்ல மூன்று தடவை சொன்னாய். அடுத்த மாதம் நீ கையை நீட்டி உறுதிமொழி எடுத்ததும் இந்த நாட்டுப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிடுவாய், இங்கே உனக்கு ஓட்டு இருக்காது. அது உன் பிழைப்பு, உன் பிள்ளையின் படிப்பு, நான் ஒரு நாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை, இனியும் சொல்ல மாட்டேன். ஆனால் போகிற போக்கில் என் ஓட்டையும் எடுத்து ஊருக்குத் தானம் செய்துவிட்டுப் போக உனக்கு யார் உரிமை கொடுத்தது? அம்மாவுக்குப் பிரச்சினை வரக் கூடாது என்ற பாசம்தான் என்பாய். ஊரிலும் எல்லாரும் பாசத்தில்தான் பேசுகிறார்கள். இந்தப் பாசத்தில் எனக்கு மூச்சு முட்டுகிறது.

நேற்றுக் காலையில் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால் சொர்ணலட்சுமி நிற்கிறாள், பின்னால் வெள்ளைத்துரையும் இரண்டு பேரும். போட்டி வந்துவிட்டதால் வீடு வீடாகப் போயாக வேண்டுமே, என் வீட்டை விட்டுவிட்டுப் போனால் பயந்துவிட்டதாக ஊர் பேசும் என்று அழைத்து வந்திருக்கிறார். அவள் கும்பிட்டு, டீச்சர் ஒங்க ஓட்ட எனக்குப் போடணும் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த ஊரில் உறுப்பினர் பதவிக்கென்று என்னிடம் ஓட்டுக் கேட்டு வந்த முதல் ஆள் அவள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன், வேறென்ன சொல்ல? அடுத்து பொன்னுத்தங்கம் வீடு. அவள் வேனுக்குக் கிளம்பி வாசலில் நின்றிருந்தாள். சொர்ணலட்சுமி கும்பிட்டதும் இவள் பதிலுக்குக் கும்பிடாமல், அந்தப் பாலம் எப்பம்மா கட்டுவீக என்று கேட்டாள். வெள்ளைத்துரை பின்னாலிருந்து, அதெல்லாம் பாத்துக்கலாம், நீ வேனுக்குக் கிளம்பு என்றார். பொன்னுத்தங்கம் அவர் பக்கம் திரும்பவே இல்லை. நான் ஒங்ககிட்ட கேக்கல அண்ணாச்சி, நிக்குறது அவுகதானே, அவுக சொல்லட்டும் என்றாள். மடங்காத அந்தக் கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, பதில் வருகிற வரைக்கும் அப்படியே நின்றாள்.

சொர்ணலட்சுமி சொல்லவேண்டியதாயிற்று. எனக்கு அதப்பத்தி ஒண்ணும் தெரியாதுக்கா, விசாரிச்சு நாளைக்கு நானே வந்து சொல்லுதேன் என்றாள். வேன் அன்று பொன்னுத்தங்கம் வாசலில் நிற்கவில்லை. ஓடையைத் தாண்டி நடந்து போய் மெயின் ரோட்டில் பஸ் ஏறினாள். எனக்கு ஓட்டுப் போடுவாளா தெரியாது, நான் கேட்கவும் இல்லை. நான் தோற்பேன் என்றுதான் அப்பா சொல்கிறார், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் எங்கள் வார்டில் தேர்தல் உண்டு.

குழந்தைக்குச் சளி என்றாயே, ஆவி பிடிக்க வை, மருந்து மருந்தென்று ஓடாதே. ஷைலா வேலைக்கும் போய்ச் சமையலும் செய்கிறாள், ஞாயிற்றுக்கிழமையாவது நீ அடுப்படிக்குப் போ. உறுதிமொழி எடுக்கிற அன்று சட்டையை இஸ்திரி போட்டு உடுத்து, கூட்டத்தோடு முணுமுணுக்காமல் உன் வாயால் தெளிவாகச் சொல், கர்த்தர் உன்னை அந்த ஊரில் நல்ல பிரஜையாக நிலைநிறுத்துவாராக. மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்றுதான். குரூப்பில் போட்ட அந்தச் செய்தியைச் சத்தமில்லாமல் அழிக்காதே. அதற்குக் கீழேயே, அது நான் எழுதியது, என் அம்மாவைக் கேட்காமல் எழுதியது என்று எல்லாரும் பார்க்க எழுது. எழுதிய பிறகு எனக்குப் போன் செய், அதற்கு முன்னால் செய்தால் எடுக்க மாட்டேன்.

என்றும் உன் மேல் பாசமும் இப்போதைக்குக் கோபமும் உள்ள,
அம்மா,
நே. ஞானதீபம்