சித்தப்பா எழுதிய மெயில் புரோகிராம்

உங்கள் மேசையைக் காலி செய்து, ஆம்பூர் ஷூ கம்பெனியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டி அனுப்பியிருக்கிறார்கள், சித்தப்பா. திறந்ததும் பதனிட்ட தோலின் வாடை. உள்ளே, கம்ப்யூட்டரை போன் லைனில் இணைக்கும் அந்தப் பழைய மோடம். அதன் ஒயரைப் பார்த்ததும் அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

சனிக்கிழமைகளில் உங்கள் ஆங்கிலக் கடிதங்களைத் திருத்த என்னை ஏற்றுமதி ஆபீசுக்கு அழைத்துப் போவீர்கள். சர்வரிலிருந்து மெயிலை இறக்கும் புரோகிராமை நீங்களே எழுதியதாகப் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்வீர்கள். பதினோராம் வகுப்பில் இருந்த நான் நூலகப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அதை வரிவரியாகப் படித்தேன். மெயிலை வாங்கியதும் சர்வரில் அழிக்கச் சொல்லிவிட்டு, அதன் பிறகே ஃபிளாப்பி டிஸ்கில் எழுதியது அது. முதலில் எழுதிவிட்டு அழிக்கலாமே என்றேன். பேக்கிங் சூப்பர்வைசர் முன்னால் சிரித்தீர்கள்.

“ஜாஸ்தி படிச்சா இப்படித்தான். அதெல்லாம் உனக்கு இன்னாத்துக்கு? ஸ்பெல்லிங் பாரு, போதும்.”

அடுத்த வாரமே ஃபிளாப்பி நிறைந்துவிட்டது. ஜெர்மனிக்காரர் மாற்றிய ஷூ அளவுகள் அன்றைய மெயிலில் வந்திருந்தன. திங்களன்று தோல் வெட்டத் தொடங்க வேண்டும். பழைய அளவில் வெட்டினால் அத்தனை தோலும் வீண். முதலாளி பின்னால் நின்றிருந்தார். இடமில்லை என்று திரை சொன்னதை நீங்கள் படிக்கவே இல்லை. ஓகே பட்டனுக்குப் போனீர்கள். அதை அழுத்தினால் புரோகிராம் சர்வரிடம் விடைபெறும். விடைபெற்றால்தான் சர்வர் உண்மையில் அழிக்கும். நடுவில் லைன் அறுந்தால் ஒன்றையும் அழிக்காது. புத்தகத்தில் அந்தப் பத்தியை இரண்டு முறை படித்திருந்தேன். மோடத்தின் ஒயரைப் பிடுங்கினேன்.

“ஏய், பைத்தியமா நீ?”

புது ஃபிளாப்பி போட்டு மறுபடி டயல் செய்தேன். சர்வரில் மெயில்கள் அப்படியே இருந்தன. உடனே முதலாளி பக்கம் திரும்பினீர்கள்.

“நான்தான் சார் ஒயரப் புடுங்கச் சொன்னேன். இந்த மாதிரி நேரத்துல மூளை வேலை செய்யணும் சார்.”

உங்கள் அடக்க ஆராதனையில் முதலாளி அதையே சொன்னார், எப்பேர்ப்பட்ட சமயோசிதம் என்று. அப்பா என்னைப் பார்த்தார். நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன்.

போனவரைக் குறை சொல்லக் கூடாது, மன்னித்துவிடு என்கிறார் அம்மா. இப்போது எங்கள் பள்ளிக் கணினி அறையில் உங்கள் புரோகிராமைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். வாங்கு, எழுது, எழுதியதைத் திறந்து சரிபார், கடைசியில் அழி. உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது இந்த வரிசை ஒன்றுதான். அதையும் நீங்கள் தலைகீழாகத்தான் தந்தீர்கள்.

ஒயரைப் பிடுங்கியது நான். இதோ, எழுதி வைத்துவிட்டேன். அழிப்பதைப் பற்றி இனி யோசிக்கலாம்.