ஆளுக்கு மூன்று பொருள்

மார்ச் 4

வாத்தி மச்சானுக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. போனில் பேசினால் கத்திவிடுவேன், பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டுவார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டு மேசையில் நீ கதை நடத்த, நாங்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடியது ஒரே நாளில் முடிகிற கதையாட்டம். பாத்திரத்தை வருடக்கணக்கில் ஆடி வளர்க்காமல் எல்லோரும் நேராகப் பலம் கூடிய பன்னிரண்டாம் நிலையில் தொடங்குகிறோம். அதனால்தான் ஆளுக்கு மூன்றே மந்திரப் பொருள், பெரியது ஒன்று, சிறியது இரண்டு என்று விதி வைத்தாய். அதை எழுதிச் சுவரில் ஒட்டியவனே நீதான். அப்புறம் நீ ஆட்டத்துக்குக் கூட்டி வந்த உங்கள் அலுவலக மேலாளரின் வீரனுக்கு மட்டும் ஏழு எப்படி வந்தது?

மேசையை ஒதுக்கும்போது கதைக் குறிப்புகளை எங்களிடமிருந்து மறைக்க நீ நிறுத்தும் தடுப்பு அட்டைக்குப் பின்னால் இருந்த தாளைப் பார்த்தேன், எடுத்தும் வந்துவிட்டேன். அவருக்குச் சண்டை சப்பென்று போய்விடக்கூடாதே என்று அரக்கனின் அடியை இரண்டு மடங்காக்கியிருக்கிறாய். ஏழு வைத்திருந்தவர் தாங்கினார். மூன்றே வைத்திருந்த, என் தங்கை ஆடிய மருத்துவச்சிப் பாத்திரம் சண்டையின் இரண்டாவது சுற்றிலேயே செத்தது. அப்புறம் நான்கு மணி நேரம் என் தங்கை பென்சில் சீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உனக்கு வெட்கமாக இல்லையா?

கோபத்துடன்,
நெட்டையன்

மார்ச் 7

அன்புள்ள நெட்டையனுக்கு,

உன் கடிதத்தை மனைவி பார்ப்பதற்குள் மடித்து ஒளித்து வைத்தேன்.

அந்த மனிதர் வேறெங்கோ ஆடிப் பொருள் சேர்த்த வீரனோடு வந்து நின்றார். "இதுல ஒண்ணையும் விட மாட்டேன்பா" என்று சிரித்தார். நான்கைக் கழற்றி வையுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் நீ மெச்சியிருப்பாய், நான் தெருவில் நின்றிருப்பேன்.

இந்த மாத முடிவில் எங்கள் பிரிவில் ஒருவரை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள். பட்டியலில் இரண்டு பெயர். ஒன்று என்னுடையது. முடிவு அவர் கையில். எனக்கு இரண்டு பிள்ளைகள். போதுமா? ஒரு விளையாட்டுக்காக இப்படி எகிறாதே. அது வெறும் காகிதமும் பகடையும்தான்.

உன்,
வாத்தி

மார்ச் 10

மச்சான்,

கஷ்டம் என்று முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாங்களே விழுந்து புரண்டு அவரை ஜெயிக்க வைத்திருப்போம். கைதட்டியும் இருப்போம். உனக்காக அது கூடவா செய்யமாட்டோம்? ஒன்பது வருடம் ஒன்றாக ஆடிவிட்டு எங்களையே ஏமாற்றியதைத்தான் பொறுக்க முடியவில்லை.

என் தங்கையும் உன் பிரிவில்தானே இருக்கிறாள்? இப்படி ஒரு பட்டியல் இருப்பதே அவளுக்குத் தெரியாது. விசாரித்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியாமல் விழிக்கிறாள். அந்த இரண்டாவது பெயர் யாருடையது? அதற்கு மட்டும் பதில் எழுது.

நெட்டையன்

ஏப்ரல் 2

வாத்தியாருக்கு,

நீ பதில் எழுதாதபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

நேற்று மத்தியானம் தங்கை ஒரு அட்டைப்பெட்டியோடு வீட்டுக்கு வந்தாள். மேலாளர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாராம்: "தப்பா எடுத்துக்காதீங்க. அன்னைக்கு ஆட்டத்துலயே பாத்தேன், ரெண்டாவது சுத்துலயே விழுந்துட்டீங்க. நெருக்கடின்னு வந்தா உங்களால தாங்க முடியாது."

அந்தச் சாக்கை அவருக்கு எடுத்துக் கொடுத்தவன் நீ. இரண்டாவது பெயர் அவளுடையது என்று தெரிந்தே அவளை அவர் எதிரில் உட்கார வைத்திருக்கிறாய். உன்னை நண்பன் என்று சொல்லித் திரிந்ததை நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

சாப்பிட உட்கார்ந்தவள் தட்டைத் தள்ளிவிட்டு, "அந்த எடத்துல நான் வேற என்ன பண்ணியிருக்கணும்ண்ணா?" என்று கேட்டாள். தனக்கு ஆடத் தெரியவில்லை என்றே நம்பிக்கொண்டிருக்கிறாள். அரக்கனின் அடியை நீ இரண்டு மடங்காக்கிய அந்தத் தாளை அவளிடம் நான் காட்டப்போவதில்லை. நீ வந்து, அவள் முகத்தைப் பார்த்து, ஒரு வரி விடாமல் படித்துக் காட்டு. அதன் பிறகு என் வீட்டுப் படி ஏறாதே.

அவளுடைய அண்ணன்