புகைக்கு உரிமையாளர்

3 ஜூலை 1974, புதன்

என் கார் இன்று கடைவீதியில் என்னைப் பார்த்தும் நிற்காமல் போனது. சும்மா போகவில்லை, முகத்தில் நீலமாக ஒரு புகையை ஊதிவிட்டுப் போனது. முன்சீட்டில் என் வீட்டுக்காரர், மடியில் ஆபீஸ் பை. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், எதிர்வீட்டுக்காரருக்கு ஆட்டுவது போல. கத்தரிக்காய்ப் பையோடு இருமிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

என் கார் என்று எழுதுவதில் பொய் இல்லை. ஆர்.சி. புத்தகத்தில் உரிமையாளர் மலையம்மாள் என்றுதான் இருக்கிறது. இவர் சாக்கோட்டை யூனியன் ஆபீஸில் கிளார்க். சர்க்கார் உத்தியோகக்காரர் டாக்சி விடக் கூடாதாம். அதனால் என் பேரில் வாங்கி, பெத்தனை டிரைவராகப் போட்டு, வாடகையை இவர் வாங்கிக்கொள்கிறார். ஐந்து வருஷமாக நான் அம்பாசடர் முதலாளி. அதில் ஏறியது இரண்டே தடவை. முதல் தடவை, வாங்கிய அன்று பிள்ளையார் கோயிலுக்கு. இரண்டாவது தடவை பாதி வழியில் சவாரி கிடைத்ததால் இறக்கிவிட்டார்கள்.

9 ஜூலை, செவ்வாய்

எஃப்.சி. இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். வண்டி ஓடத் தகுதியானது என்று வருஷா வருஷம் கொடுக்கும் சீட்டு அது. மாதத்தில் இரண்டு செவ்வாய்க்கிழமை பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து சர்க்கார் பயணியர் விடுதியான டி.பி. பங்களா வாசலில் டாக்சிகளை வரிசையாக நிறுத்திப் பார்ப்பார். போன வருஷம் வரை இருந்தவர் வண்டியைப் பார்ப்பதைவிட வடையைப் பார்ப்பதில் கெட்டிக்காரர். இந்தப் புது ஆள் கோயம்புத்தூர்ப் பக்கமாம். காப்பிகூட வேண்டாம் என்றுவிட்டாராம். பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து, சைலன்சர் வாயில் பிடித்துக்கொண்டு, ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னாராம். கைக்குட்டை அடுப்புத் துணி ஆகிவிட்டது. 'புகை அதிகம், சரிசெய்து கொண்டுவரவும்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.

இவருக்கு வண்டி மேல் கோபம் இல்லை. கைக்குட்டை மேல்தான். "இத்தனை வருசமா எவன்யா கைக்குட்டை பிடிச்சான்?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பழைய சீட்டு ஆகஸ்ட் பதினாறோடு முடிகிறது. மறுநாள் ஆவணி பிறக்கிறது. முகூர்த்தச் சவாரிகள் எல்லாம் பேசி வைத்தாயிற்று. சீட்டு இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் பர்மிட்டே போய்விடும் என்றான் பெத்தன். பேர் கெடப்போவது யாருக்கு? புத்தகத்தில் இருப்பவளுக்கு.

12 ஜூலை, வெள்ளி

மெக்கானிக் சேவுகன் வண்டியைப் பார்த்துவிட்டு ஒரே மூச்சில் சொல்லிவிட்டான். ரிங் தேய்ந்துவிட்டது, எஞ்சின் ஆயிலைக் குடித்துப் புகையாகத் துப்புகிறது, எஞ்சினை இறக்கிப் பத்து நாள் வேலை பார்க்க வேண்டும். ஆடி பிறக்கப்போகிறது, சவாரியே இருக்காது, இதைவிட நல்ல சமயம் ஏது?

ஆனால் இவர் பத்து நாளா என்று வாயைப் பிளந்தார். ஆபீஸில் வேண்டாத காகிதத்தை அடியில் வைத்து மேலே நாலு கட்டைப் போட்டு அமுக்குகிறவர். புகையையும் அப்படியே அமுக்கிவிடலாம் என்று நினைக்கிறார். டாக்சி ஸ்டாண்டில் யாரோ யோசனை சொன்னார்களாம்: கியர் பெட்டிக்கு ஊற்றுகிற கெட்டி ஆயிலை எஞ்சினில் ஊற்றினால் கொஞ்ச நேரத்துக்குப் புகை வராது. கொஞ்ச நேரம் போதும் என்கிறார். ஐந்து வருஷமாக இவர் சொல்லும் ஒரே யோசனை இதுதான்.

17 ஜூலை

ஆடி ஒன்று. தேங்காய்ப் பால் பாயசம். வீட்டில் ஆயில் வாடை.

20 ஜூலை, சனி

பின்டயர் இரண்டும் வழுக்கை. அதற்கும் வழி இருக்கிறது. ஸ்டாண்டில் முத்துக்கருப்பன் என்று ஒருவர் ஐந்து நல்ல டயர் வைத்திருக்கிறார். ரோட்டில் ஓட்டுவதற்கு இல்லை, எஃப்.சி.க்கு மட்டும். யார் வண்டிக்கு முறை வருகிறதோ அவர்கள் வாங்கி மாட்டிக்கொண்டு போய், சீட்டு வாங்கியதும் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். பெத்தன் கணக்குப்படி இந்த வருஷம் மட்டும் அந்த டயர்கள் பதினான்கு தடவை பாஸாகியிருக்கின்றன. எங்கள் பெரியவன் ஐந்தாம் வகுப்பில் ஒரு தடவை பாஸாக மாட்டேன் என்கிறான்.

23 ஜூலை, செவ்வாய்

மறுபடியும் இல்லை.

கெட்டி ஆயில், இரவல் டயர், புதுத் துடைப்புத் துணி, சந்தனப் பொட்டு எல்லாம் வைத்துக்கொண்டு போனார்கள். வண்டியும் நல்ல பிள்ளையாக நின்றதாம். இன்ஸ்பெக்டர் கிட்டேயே வரவில்லை. எஞ்சினை அணைக்காமல் ஓடவிடச் சொல்லிவிட்டு மற்ற வண்டிகளை எல்லாம் பார்த்தார். கடைசியாக இங்கே திரும்பும்போது, சூடேறிய எஞ்சின் டி.பி. பங்களா வேப்பமரத்தையே மறைத்துக்கொண்டிருந்ததாம். அதோடு டயரைத் தட்டி, இவங்களை எனக்கு நல்லாத் தெரியும் என்றாராம்.

இவ்வளவும் சிரிப்புக்கு ஆகும். அப்புறம் நடந்ததுதான் சிரிப்பில் சேராது.

எஃப்.சி. மனுவில் என் கையெழுத்தை இவரே போட்டிருக்கிறார். அழகான கிளார்க் கையெழுத்து. பர்மிட் காகிதத்தில் இருக்கும் என் கோழிக்கிறுக்கலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இன்ஸ்பெக்டர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, அடுத்த தடவை ஓனர் அம்மாவே நேரில் வரணும் என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து இதை மட்டும் சொன்னார் இவர். வா, கையெழுத்துப் போடு, வாயைத் திறக்காதே. யார் போட்ட கையெழுத்து என்று கிளறினால் தன் வேலை போய்விடும் என்றார். முகம் வெளுத்திருந்தது. பாவமாகக்கூட இருந்தது.

மீதியைப் பெத்தனிடம் நான்தான் கேட்டு வாங்கினேன். நீங்க யாரு, ஓனருக்கு என்ன வேணும் என்று இன்ஸ்பெக்டர் கேட்டாராம். இவர் சொன்ன பதில்: "தெரிஞ்சவுக. ஒரு ஒத்தாசைக்கு வந்தேன்."

24 ஜூலை

தெரிஞ்சவுக.

பதினொரு வருஷம். ரெண்டு பிள்ளை. ரெண்டும் தெரிஞ்சவுக பிள்ளைதானா? இவருக்கு டைபாயிடு வந்து கிடந்தப்ப மூணு வாரம் கஞ்சி ஊத்தினது யாரு — தெரிஞ்சவுகளா? வேலை போயிருமேன்னு பயம், சரி, அது புரியாம இல்லை. ஆனா நாக்கு கொஞ்சங்கூடத் தடுமாறலையாமே. பெத்தன் அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்காமத் தரையைப் பார்த்துச் சொன்னான். அவனுக்கு இருந்த வெட்கம்கூட இவருக்கு இல்லை.

அழுதேன். அப்புறம் இட்லிக்கு ஊறப்போட்டேன்.

27 ஜூலை, சனி

இவர் ஆபீஸ் போனதும் பெத்தனை வண்டி எடுக்கச் சொன்னேன். எங்க போகணும் என்றான். எங்கேயாவது என்றேன். பின்சீட்டில் உட்கார்ந்து அரியக்குடி வரை போய்த் திரும்பினோம். தரைத்தகட்டில் என் உள்ளங்கை அகலம் ஓட்டை. அது வழியாகப் புகை உள்ளே வருகிறது. எனக்குத் தலை சுற்றி, பெருமாள் கோயில் குளக்கரையில் இறங்கி வாந்தி எடுத்தேன்.

எல்லாருக்கும் இப்படியா என்று கேட்டேன். போன மாதம் நெற்குப்பையிலிருந்து நிறைமாசக்காரி ஒருத்தியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவந்தானாம், வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தாளாம். "ஒரு வருசமாச் சொல்றேன்க்கா. பாப்போம், பாப்போம்பாக" என்றான். அவனுக்கே நெஞ்சுக்குள் விசில் அடிப்பது போல ஒரு இருமல் இருக்கிறது. என் பேரில் ஓடுகிற வண்டி. எனக்கு வெட்கமாக இருந்தது.

நேராகச் சேவுகன் பட்டறைக்கு விடச் சொன்னேன். அவன் கையைத் துடைத்துக்கொண்டே, "ஓனரு சொன்னாத்தான் எஞ்சினை இறக்குவேன்" என்றான்.

"நாந்தான் ஓனரு."

கைத்துணியைத் தோளில் போட்டான். "அப்பச் சொல்லுங்க."

சொன்னேன். இறக்கச் சொன்னேன், ரிங் மாற்றச் சொன்னேன், ஓட்டையை அடைக்கச் சொன்னேன், டயர் எங்களுக்கென்றே வாங்கச் சொன்னேன். நான் கட்டிய ஏலச்சீட்டில் எடுத்த பணம் பெட்டியில் இருக்கிறது. நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

28 ஜூலை, ஞாயிறு

"யாரைக் கேட்டு அங்குட்டுப் போன?" என்று ஆரம்பித்து மதியம் வரை பேசினார். ஒரு தெரிஞ்சவுக இவ்வளவு கோபப்படலாமா என்று கேட்டேன். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு வந்தார். நான் செய்த மீன்குழம்பு மீதமானதில் பிள்ளைகளுக்குச் சந்தோஷம்.

6 ஆகஸ்ட்

பட்டறையில் பழைய ரிங்கைக் கையில் கொடுத்தான் சேவுகன். புடவையோரம் கறுப்பு. துவைத்தும் போகவில்லை.

13 ஆகஸ்ட், செவ்வாய்

வண்டிக்குள் முன்சீட்டில் உட்கார்ந்து போனேன். இவர் வரவில்லை என்று சொல்லிவிட்டு, எதிர்ப் பெட்டிக்கடையில் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு நின்றார். பேப்பர் ஆடியதைப் பார்த்தால் காற்று அடிப்பதாக நினைக்கத் தோன்றும்.

அரைமணி நேரம் எஞ்சின் ஓடியது. இன்ஸ்பெக்டர் புதுக் கைக்குட்டையை எடுத்துப் பிடித்தார். விரித்துப் பார்த்தார். லேசான சாம்பல் நிறம், அவ்வளவுதான். டயரைத் தட்டிவிட்டு, இவங்க புதுசு என்றார். பிறகு என் முன்னால் காகிதங்களை வைத்து, பழைய கையெழுத்தைத் தொட்டு, இது யார் போட்டது என்று கேட்டார்.

எதிர்ப் பக்கம் பேப்பர் தாழ்ந்தது. இவருடைய உத்தியோகம், பென்ஷன், மேஜை, நாற்காலி எல்லாம் அப்போது என் நாக்கு நுனியில் இருந்தது. இருபது நாளாக இந்த நிமிஷத்துக்கு எத்தனையோ வாக்கியம் தயாரித்து வைத்திருந்தேன். ஒவ்வொன்றும் நல்ல கூர். பேப்பருக்கு மேல் தெரிந்த அந்தக் கண்ணைப் பார்த்தபோது ஒன்றும் வரவில்லை.

"அது நான் போடலைங்க. எங்க வீட்டுக்காரரு போட்டாக. தப்புத்தான். வண்டி என்னுது. இனிமே நான்தான் வருவேன், நான்தான் போடுவேன்."

அவர் எங்க என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். அந்தா நிக்கிறாக என்று கையைக் காட்டினேன். பெட்டிக்கடையை ஒரு பார்வை பார்த்தார். என்ன உத்தியோகம் என்று கேட்கவில்லை. பழைய மனுவைக் குறுக்கே அடித்து, புதுத் தாளை நீட்டினார். என் கோழிக்கிறுக்கலைப் போட்டேன். முத்திரை விழுந்தது.

18 ஆகஸ்ட், ஞாயிறு

நாளைக்கு ஆவணி முதல் முகூர்த்தம். வண்டி நெற்குப்பைக்குப் பெண்ணழைப்புக்குப் போகிறது.

காலையில் பெத்தனிடம், நாளைக்கு ஒரு எட்டு ஆபீஸில் விட்டுவிட்டுப் போ என்றாராம் இவர். அக்காகிட்டக் கேட்டுக்கிறேன் என்றானாம் அவன். கொஞ்ச நேரம் கழித்து அடுப்படி நிலையில் வந்து நின்றார். உப்புச் சாடியை எடுத்துப் பார்த்தார், வைத்தார். பிறகு, "நாளைக்கு வண்டி சும்மா நிக்குமா?" என்றார். பதினொரு வருஷத்தில் இவர் என்னிடம் பதிலை எதிர்பார்த்துக் கேள்வி கேட்டது இதுதான் முதல் தடவை.

நிற்காது, சவாரி இருக்கிறது என்றேன். எட்டரைக்குச் சாக்கோட்டை பஸ் இருக்கிறது என்பதையும் சொன்னேன். சரி என்று திரும்பிப் போனார். முற்றம் வரை போய்விட்டு மறுபடி வந்து, சாயங்காலம் வண்டி திரும்ப எத்தனை மணி ஆகும் என்று கேட்டார். பெத்தன் பக்கத்தில்தான் நின்றான். அவனிடம் கேட்கவில்லை.