அரிசி டிரம்மில் ரேமைப் புதைத்தவனுக்கு

என் பாசத்துக்கும் என் வயிற்றெரிச்சலுக்கும் ஒரே சொந்தக்காரனான தம்பி சேகருக்கு,

அக்கா எழுதுகிறேன். நலமா என்று கேட்கமாட்டேன். வருகிற வாரத்தோடு நீ போய் ஒரு வருஷம் ஆகிறது, என் கோபம் இன்னும் ஆறவில்லை. செத்தவனைத் திட்டக்கூடாது என்கிறார்கள். செத்தவன் என் கம்ப்யூட்டரைப் பிரித்துப் போட்டுவிட்டுப் போயிருந்தால் என்ன செய்வது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

திருவொற்றியூரில் நம் தெருவில் யார் செத்தாலும் கண்ணீர் அஞ்சலி பேனரை நான்தான் டிசைன் பண்ணுவேன். உனக்குத் தெரிந்ததுதான், படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். இடத்தை நிரப்புவதற்காக எவருடைய முகத்தையும் நான் அகலமாக இழுத்ததில்லை. தெரு கடைசியாகப் பார்க்கிற முகம் அது. அந்த ஆளுடைய முகமாக இருக்க வேண்டாமா?

கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவனுக்கு என் மிஷினில் என்ன வேலை? அன்று காலை குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், பக்கவாட்டுத் தகடு தரையில் கிடக்கிறது. டிஸ்ப்ளே கார்டு பேப்பர்மேல் கிடக்கிறது. நீ சம்மணம் போட்டு உட்கார்ந்து ரேம் அட்டையின் பொன்னிறப் பல்வரிசையை ரப்பரால் தேய்த்துக்கொண்டிருக்கிறாய்.

"இன்னாடா, தொறந்து போட்டுகினு கீற?"

"அக்கோவ், உன் மிஷினு ஆமை மாறி நவுருது. புச்சா ஒரு ரேமும் கார்டும் வாங்கியாந்துகீறேன். பழசுல உப்புக்காத்து ஏறிக்கீது. டூட்டி முடிச்சினு வந்து மாட்டித் தரேன், அப்பால பாரு, பறக்கும்."

"இனிமே என் மிஷின்ல கை வெச்ச, கைய ஒடைச்சிடுவேன். போடா!"

தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். நீ சிரித்துக்கொண்டே போனாய். மத்தியானம் யார்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் பிறகு எழுந்திருக்கவே இல்லை. போடா என்றால் போய்விடுவதா? நான் சொன்ன எந்தப் பேச்சை அதுவரை கேட்டிருக்கிறாய், இதைக் கேட்பதற்கு?

உன்னை வாசலில் கிடத்தியதும் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள், பேனருக்கு. உன் நல்ல போட்டோ அந்தக் கம்ப்யூட்டருக்குள்தான் இருந்தது. ரேம் இல்லாமல் அது உயிர் பெறாது. பழசையும் காணோம், புதுசையும் காணோம். உன் சட்டைப் பையிலும் டிபன் பையிலும் தேடினேன். தம்பி செத்துக் கிடக்கும்போது பை துழாவுகிறாள் என்று நாலு பேர் முகத்தைச் சுளித்தார்கள். உன்னைப் போட்டுவிட்டு வேறு ரேம் வாங்க ரிச்சி தெருவுக்கா ஓட முடியும்?

கடைசியில் வேறு யாரோ போட்ட பேனர்தான் தெருமுனைக் கம்பத்தில் தொங்கியது. உன் ஒட்டின கன்னத்தைப் பூசணிக்காய் அளவுக்கு இழுத்து, மேலே ரெண்டு புறாவைப் பறக்கவிட்டிருந்தார்கள். அந்த முகத்துக்குக் கீழேதான் உன்னைத் தூக்கிக்கொண்டு போனோம். அதற்கு உன்னை நான் மன்னிக்கவே இல்லை.

துக்க வீடு என்று காரியம் முடியும்வரை அடுப்பு மூட்டவில்லை, சாப்பாடு சொந்தக்காரர்கள் கொண்டுவந்தார்கள். வாய்க்கரிசிக்குக்கூட மாடி வீட்டு மல்லிகாதான் தன் வீட்டிலிருந்து அரிசி எடுத்து வந்தாள். காரியத்துக்கு மறுநாள் சோறு வடிக்க அரிசி டிரம்முக்குள் ஆழாக்கை விட்டேன். ஏதோ தட்டுப்பட்டது. பேப்பரில் சுற்றின பொட்டலம், உள்ளே பழசும் புதுசுமாக ரேம்கள்.

உன் பெண்டாட்டியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவரு போனு மழைத்தண்ணில வுழுந்தப்போ அரிசில போட்டுத்தான் அண்ணி சரியாச்சு. அத்தொட்டு இதுலயும் ஈரத்த இழுத்துடும்னு வெச்சிருப்பாரு."

ஒரு வேளை, ஒரே ஒரு வேளை அன்று யாராவது உலை வைத்திருந்தால் கிடைத்திருக்குமேடா! பொட்டலத்தைத் தகர டப்பாவில் போட்டு மூடினேன். கம்ப்யூட்டர்மேல் பழைய புடவையைப் போர்த்தினேன். அன்றிலிருந்து தண்டையார்பேட்டையில் ஒரு கடையில் அடுத்தவன் மிஷினில் வேலை செய்கிறேன்.

போன வாரம் மளிகைக்கடை சரசா கேட்டாள்: "வருஷ நெனப்புக்காவது நீ பேனர் போடுவியாக்கா? இல்ல அந்தக் கோவம் இன்னும் கீதா?" அப்போதுதான் புரிந்தது. சண்டையை மனசில் வைத்துக்கொண்டு தம்பிக்குப் பேனர் போட மறுத்தவள் என்று தெருவே ஒரு வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிறது. உன்னால்தான்!

ஞாயிற்றுக்கிழமை காலையில் புடவையை இழுத்தேன். மிஷினுக்குள் எண்ணூர் அனல்மின் நிலையத்துச் சாம்பல் விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. பிரஷ்ஷால் தள்ளினேன். கையில் இருக்கிற கரண்டு ரேமைக் கொன்றுவிடும், முதலில் ஜன்னல் கம்பியைத் தொடணும் என்று நீ உளறுவாயே, தொட்டேன். பள்ளம் பார்த்துப் புது ரேமை வைத்து, ரெண்டு ஓரமும் டக்கென்று கவ்வும்வரை அழுத்தினேன். நீ வாங்கி வைத்திருந்த புதுக் கார்டையும் சொருகினேன். அதன் திருகாணியை ஃபிரிட்ஜ் முருகர் காந்தத்தில் ஒட்டி வைத்திருந்தாய். ஒரு வருஷமாக முருகர் காலடியில் அதைப் பார்த்துக்கொண்டேதான் தண்ணீர் குடித்திருக்கிறேன்.

சுவிட்சைப் போட்டால் பீப், பீப் என்று கத்தல்தான், படம் வரவில்லை. கழற்றிப் பார்த்தேன். பல்வரிசை முழுக்க அரிசி மாவு. ஈரத்தை இழுக்கிறதாம் அரிசி! மடையா, மாவைத்தான் அப்பியிருக்கிறது. உன் ரப்பரையே எடுத்து, நீ தேய்த்த மாதிரியே ஒரே பக்கமாகத் தேய்த்தேன். திட்டிக்கொண்டே தேய்த்தேன். அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுபடியும் மாட்டினேன். வந்துவிட்டது. முன்பெல்லாம் நான் டீ போட்டு முடிக்கும்வரை சுற்றிக்கொண்டிருக்கும் பேனர் ஃபைல் இப்போது தொட்டதும் திறக்கிறது. பறக்கிறதுடா, பாவி. நீ சொன்னது சரிதான். அதை உன்னிடம் ஒப்புக்கொள்ள நீ எதிரில் இல்லை என்பதுதான் எனக்குத் தாங்கமுடியாத ஆத்திரம்.

சத்தியமாகச் சொல்கிறேன், வருகிற வியாழக்கிழமை அதே முனைக் கம்பத்தில் என் பேனர் தொங்கும். உன் முகம் உன் அளவில் இருக்கும். புறா கிடையாது. இனிமேல் இந்த மிஷினை யாரிடமும் தரமாட்டேன், ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு நானே திறப்பேன். பேனரின் அடியில், வழக்கமாகக் கண்ணீருடன் என்று போடுகிற இடத்தில் என்ன எழுதுவது என்று வெகுநேரம் யோசித்தேன். இந்தக் கடிதத்தின் அடியில் எழுதியிருப்பதைத்தான் அங்கேயும் போட்டிருக்கிறேன்.

என்றும் உன்னைத் திட்டிக்கொண்டிருக்கும்,
அக்கா கஸ்தூரி